பக்கத்து வீடு வரை

சவோனா துறைமுகத்துக்குப் பின்தெருவில்
புகையிலை, தபால்தலை, லாட்டரிச் சீட்டு
மூன்றும் விற்கிறேன்.
நான்காவதாக ஏதோ ஒன்றும் விற்கிறேன் போலும்.
அதற்கு ரசீது கிடையாது.

ஜெனோவா சக்கரத்தில் எண்பத்தொன்று விழுந்து
பதினான்கு மாதமாகிறது.
செவ்வாய், வியாழன், சனி
மற்ற எண்கள் வருகின்றன, போகின்றன.
எண்பத்தொன்று மட்டும்
கப்பலேறிப் போன மாலுமி.
என் கடைவாசலே இப்போது கரை.

"இத்தனை நாள் வரவில்லை அல்லவா,
இனி வந்துதானே ஆகவேண்டும்"
என்கிறார் ஜெர்வாசியோ,
முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர்.
போன வாரம் ஐம்பது யூரோ,
இந்த வாரம் நூறு.
போதுமே என்றால் முறைக்கிறார்:
"இப்போது நிறுத்தினால்
போட்டதெல்லாம் வீணாகிவிடாதா?"
வீணாகிவிட்டது என்று சொல்ல
வாய்வரை வந்தது.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

மருந்துக்கடை லொரெடானாவின் கணக்கு வேறு.
அவள் கூரையில் கடற்காகம் உட்கார
ஓடு ஒன்று விழுந்ததாம்.
அன்று அவள் கட்டியது இருபத்திரண்டு,
வந்ததும் இருபத்திரண்டு.
அதிலிருந்து அண்ணாந்தே நடக்கிறாள்.
உட்கார்ந்தும் விழாத நாள்,
விழுந்தும் வெல்லாத நாள்
எத்தனை இருக்கும் என்றேன்.
"அதையெல்லாம் யார்
நினைவில் வைத்துக்கொள்வார்கள்?" என்றாள்,
மிக நேர்மையாக.

இந்தக் கடையில் சீட்டு வாங்கி
நாற்பதாயிரம் வென்ற தச்சன் ஒருவனின் படத்தைக்
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
பல் தெரியச் சிரிக்கிறான்.
தோற்றவர்கள் படத்தையும் ஒட்டுவதென்றால்
தெருவை வாடகைக்கு எடுக்கவேண்டும்.

புதன்கிழமை கணக்கு வாத்தியார் தித்சியானோ வந்தார்.
வரிசையைப் பார்த்ததும்
சாக்குக்கட்டி இல்லாத கையைத் தூக்கினார்:
"பந்துக்கு நினைவு கிடையாது.
கடைசியாக எப்போது விழுந்தோம் என்று
அதற்குத் தெரியாது.
ஒவ்வொரு முறையும் அது
இன்று பிறந்த பந்து."

"பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்தத் தெரியாதவர்
நமக்குப் பந்து நடத்துகிறார்"
என்றது பின்வரிசை.
சிரிப்பில் பந்து எங்கோ உருண்டுபோனது.
கூட்டத்தைப் பார்த்து
இன்னும் இருவர் வந்து நின்றார்கள்,
எதற்கு என்று கேட்காமலே.

இரவு ஷட்டர் பாதி இறங்கியபோது
வாத்தியார் மறுபடி வந்தார், தீப்பெட்டிக்கு.
அவர் புகைப்பதில்லை.
"ஒரு இரண்டு யூரோ... எண்பத்தொன்றில்...
தப்பித்தவறி வந்து தொலைத்தால்
ஊரில் நான் ஒருவன்தானே முட்டாள்?"

சிரித்தேன்.
சிரிக்கும் தகுதி உண்டா, தெரியவில்லை.

இருபது வருடமாய் இந்த எந்திரத்தின் பின்னால்
ஒரு யூரோவும் கட்டியதில்லை நான்.
ஆனால் தங்கை ரோசில்டா,
அம்மாவின் வீட்டை விற்ற நாளிலிருந்து
பேசுவதில்லை.
ஒன்பது கிறிஸ்துமஸ்.
ஒவ்வொரு டிசம்பரும் அடுப்படியில் நின்று
நானும் சொல்லிக்கொள்கிறேன்:
இத்தனை வருடம் அழைக்கவில்லை அல்லவா,
இனி அழைத்துத்தானே ஆகவேண்டும்.
தப்பு அவளுடையது என்பதற்கு
என்னிடம் சான்றுகள் உண்டு, வரிசையாக.
வேறுவிதச் சான்றுகளும் இருந்திருக்கலாம்.
அவற்றை எங்கு வைத்தேனோ.

அவள் பந்தல்ல.
அவளுக்கு நினைவு இருக்கிறது.

சனி இரவு, எட்டு மணி.
திரையில் ஜெனோவா:
ஒன்பது, அறுபத்தேழு, நாற்பத்துநான்கு, இரண்டு,
எண்பது.

"எண்பது!" ஜெர்வாசியோ மேசையைத் தட்டுகிறார்.
"பார்த்தாயா? பக்கத்து வீடு வரை வந்துவிட்டது!"
தோற்றவர் முகமா அது!
செவ்வாய்க்கான பணத்தை
இப்போதே நீட்டுகிறார்.

அவருக்காக அழுத்துகிறேன்.
எட்டு. ஒன்று.
விரல் நன்றாகத்தான் வேலைசெய்கிறது.