நூற்று முப்பது

ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் இருக்கும் ஆல்ட் விசை
செத்துப் பதினொரு நாள்.
சூப் கொட்டியது நான்தான்.
இடுக்கில் இன்னும் ஒரு பச்சை இழை தெரிகிறது.

அதை அழுத்திக்கொண்டு உயிரெழுத்தைத் தட்டினால்
எழுத்தின் தலைமேல் ஒரு கோடு விழும்,
பெல்முல்லெட்டில் மழை விழுகிற அதே சாய்வில்.
ஐரிஷில் அந்தக் கோட்டுக்குப் பெயரே நீளம்.
குறிலை நெடிலாக்கும், வேறு வேலை கிடையாது
என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் கேக் விற்பனை.
காக்கா என்றால் கேக்.
கோடு விட்டுப்போனால் கக்கா.
பொருள் சொல்ல வேண்டியதில்லை.
நோட்டீஸைப் பார்த்த பிறகும்
ஒரு துண்டு மிஞ்சவில்லை.

இந்த வாரம் பார்ட்லா.
கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையில்
கடைசி வீடு, அதற்கப்புறம் கடல்.
அவன் எழுதித் தந்த சீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது:
புல் விற்பனைக்கு. நன்றாகக் காய்ந்தது.
மழை படாதது. வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்.

ஃபேர் என்றால் புல்.
ஃபர் என்றால் ஆண்பிள்ளை.

வியாழன் மாலை, கடை மூடும் நேரம்.
அச்சானபின் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று
முந்நூறு தாளோடு உட்கார்ந்தேன்.
நாற்பதாவதில் கை ஓய்ந்தது.

ஆக, நாற்பது வீட்டுக்குப் புல் போயிற்று.
மீதி இருநூற்று அறுபது வீட்டுக்கு
ஆண்பிள்ளை.
நன்றாகக் காய்ந்தவன்,
மழை படாதவன்,
வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுவான்.

எல்லோருக்கும் புரிந்தது. புரிந்துதான் கூப்பிட்டார்கள்.
எவ்வளவு தின்பான் என்றாள் ஒருத்தி.
பழையதைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா
என்றாள் இன்னொருத்தி, பின்னால் அவள் கணவன் இருமினான்.
கீசாலாவிலிருந்து ஒரு குரல் எதுவும் கேட்கவில்லை,
சிரித்துக்கொண்டே இருந்து வைத்துவிட்டது.

திங்கட்கிழமை பார்ட்லா வந்தான்.
தொப்பியைக் கழற்றவில்லை. கோபம் என்றே நினைத்தேன்.
காசைத் திருப்பித் தருகிறேன், அடுத்த முறை இலவசம்
என்று என்னென்னவோ சொன்னேன்.
அவன் சட்டைக் கைப்பொத்தானைப் பார்த்தபடி நின்றான்.
"புல்லு வித்துப்போச்சு" என்றான்.
பிறகு,
"மத்ததைக் கேட்டுத்தான் ஒருத்தரும் வரல."

சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் சிரித்தேன்.
அவனும் சிரித்தான், ஒரு மாத்திரை அளவு,
கதவு மணி அடித்து ஓய்வதற்குள் தெருவில் இருந்தான்.

இரவு இழுப்பறையில் பழைய அட்டை ஒன்று கிடைத்தது.
வல ஆல்ட் போனால் இட ஆல்ட் இருக்கிறதாம்,
அதைப் பிடித்துக்கொண்டு எண்களைத் தட்ட வேண்டுமாம்.
ஆ நூற்று அறுபது. ஈ நூற்று அறுபத்தொன்று.
ஓவும் ஊவும் அதற்கடுத்து,
நால்வரும் ஒரே தெரு, சுவரோடு சுவர்.
ஏ மட்டும் முப்பது வீடு தள்ளி
நூற்று முப்பதில்.
யார் அங்கே குடிவைத்தது, எதற்காக,
அட்டையில் போடவில்லை.

விசையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று. மூன்று. பூஜ்யம்.
திரையில் ஒன்றும் இல்லை.
இன்னொரு முறை. ஒன்றும் இல்லை.
அலுத்து விரலை எடுத்தேன்,
வந்து நின்றது, கோட்டோடு.
பிடித்திருக்கும்வரை வராதாம்.

என் பெயருக்கும் அதுதான் முதலெழுத்து.
வங்கி அட்டையில் எடீன். மின்கட்டண ரசீதில் எடீன்.
முப்பத்தெட்டு வருடமாக யாரோ ஒருத்தியின் கடிதங்களைப்
பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
ஏடீன் என்று தட்டிப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.

அடுத்த வாரத்துக்குத் திருத்தம் போட வேண்டும்.
'புல் விற்றுவிட்டது' என்று அடித்தேன்,
ஒன்று, மூன்று, பூஜ்யம், விரலை எடுத்து,
கோடு இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து.

மற்ற விளம்பரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
அதை யாரும் திரும்பப் பெறச் சொல்லவில்லையே.