வலது கால்

சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லிவிட்டுத்தான்
பாலக்கோட்டில் பஸ் ஏறினேன்.
தர்மபுரி பெரியாஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை,
பதினேழாம் நம்பர் அறை.
கதவுக்கு மேலே எழுதியிருந்ததை
வாய்விட்டுப் படிக்கவில்லை.
சீட்டு போடுகிறவன் கத்தினான்:
"மனநலமா? அந்த வரிசை."
மாத்திரைக்கு நின்ற அத்தனை தலையும் திரும்பி
என் மீசையைப் பார்த்தன.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு இருக்கும்.
ஷபானா என்று கோட்டில் பேர்.
எங்கே வலிக்குது என்று கேட்பாள் என நினைத்தேன்.
"ராத்திரி என்ன ஆகுது?" என்றாள்.

கால், என்றேன்.
வலது கால்.
தூக்கத்தில் மிதிக்கிறது,
இல்லாத பிரேக்கை,
கட்டில் பலகை விரியும்வரை.
பவுனு முழங்காலில் நீலம் பாய்ந்திருக்கிறது.
மாடு உதைத்தது என்று
பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.
எங்களிடம் மாடே இல்லை.

கடைசியா எப்ப அழுதீங்க, என்றாள்.
கணக்குப் போட வேண்டியிருந்தது.
எட்டாவது படிக்கையில், அப்பா சாட்டையை எடுத்தபோது.
அழுததற்கே இன்னும் ரெண்டு விழுந்தது.
அதோடு சரி.

கட்டமேடு இறக்கம், விடிகாலை மூன்றரை.
முந்நூறு பெட்டி தக்காளி, சேலம் மார்க்கெட்டுக்கு.
பக்கத்தில் கிளீனர் திம்மராயன்,
பத்தொன்பது வயது,
செருப்பைக் கழற்றிவிட்டு
காலை மேலே நீட்டித் தூங்கினான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று எஃப்.ஐ.ஆர் சொன்னது,
ஓனர் சொன்னார்,
இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போட்டான்.
நானும் தலையாட்டினேன்.
விடிந்ததும் ஜனம் பையோடு வந்து
நசுங்காததாகப் பார்த்துப் பொறுக்கியது.
யாரோ எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.
தின்றேன்.

மறுவாரமே வண்டி எடுத்தேன்.
"தொப்பூரைப் பாக்காதவன் டிரைவரா?
ஆம்பளைக்கு இதெல்லாம் தழும்புடா" என்று
ஸ்டாண்டில் முதுகில் தட்டியவன் கெம்பராஜ்.
குவார்ட்டர் வாங்கித் தந்தவனும் அவன்தான்.
டயருக்கு நாலு எலுமிச்சை,
மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.
வண்டி கேட்டது.
கால் கேட்கவில்லை.

மூன்றாவது செவ்வாய்,
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னேன்:
நியூட்ரலில் விட்டிருந்தேன்.
டீசல் மிச்சம் பிடிக்க.
இறக்கம் முழுக்க அப்படி விட்டால்
அறுபது ரூபாய் கையில் நிற்கும்.

அறுபது ரூபாய்.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது,
நின்ற லாரி காற்றை விடுமே, அதுபோல.
அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை.
எழுந்துபோய்க்
கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வெளியே பெஞ்சில் கெம்பராஜ்.
கையில் அதே மஞ்சள் சீட்டு.
ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.
"சர்க்கரையா?" என்றான்.
"சர்க்கரைதான்."
"எனக்கும்."
நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.

இப்போதெல்லாம் ஸ்டாண்டில்
"சர்க்கரை எப்படி இருக்கு?" என்று கேட்கிறான்.
இன்னிக்குப் பரவாயில்லை, என்கிறேன்.
மற்றவர்கள் எங்களை
வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள்.

வீட்டில் மூன்று மாதமாகச் சப்பென்று டீ.
நேற்றுதான் வாய் வந்தது:
"பவுனு, ஒரு ஸ்பூன் போடேன்."
டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்:
"சர்க்கரை டெஸ்டுக்குப் போறவன்
அஞ்சு இட்லி தின்னுட்டாய்யா போவான்?
நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பாதிதான் சொன்னேன்.
காலைச் சொன்னேன்.
அறுபது ரூபாயைச் சொல்லவில்லை.
மாரண்டஅள்ளியில் திம்மராயன் அம்மா
இன்னும் என்னைக் கண்டால்
"நீயாவது பொழச்சியே சாமி" என்கிறாள்.
அதற்கு எந்தச் செவ்வாய்க்கிழமை என்று தெரியவில்லை.

ராத்திரி கால் மறுபடி மிதித்தது.
பவுனு விலகிப் படுக்கவில்லை.
எழுந்து உட்கார்ந்து
உள்ளங்காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"நின்னுடுச்சு, வண்டி நின்னுடுச்சு" என்றாள்.
நான் விழித்துக்கொண்டதை
அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.