நிலுவை

இரவு ஷிஃப்ட் முடிந்து
கையுறை கழற்றியும் போகாத காட் மீன் வாடையோடு
இசாஃபியோர்தூர் பேருந்து நிழற்குடையில்
போனைத் திறக்கிறாள் யாகோதா.
நிலுவை: 2,318.

பதினொரு மாதம் தொடவில்லை.
குழந்தை பிறந்தது, பல் முளைத்தது, கடித்தது.
ஐஸ்லாந்துச் சொற்கள் அத்தனையும் இப்போது
வட்டிக்காரன் முகத்தோடு வரிசையில்.

ஒன்றை மட்டும் தனியே முடக்கி வைத்திருக்கிறது செயலி.
ஹைத்தா.
ஆபத்து என்றும் பொருள், நிறுத்துவது என்றும் பொருள்.
பத்தொன்பது முறை தவறினாள்.
இருபதாவதில் செயலி அதற்கு வைத்த பெயர் அட்டை,
ரத்தம் உறிஞ்சுகிற அட்டை.
போலந்துக்காரி மனப்பாட அட்டைகளில்
ஒன்று இப்படி உயிர்பெற்று ஒட்டிக்கொண்டது.

'எல்லாவற்றையும் புதிதாக்கவா?
இதைத் திரும்பப் பெற முடியாது.'
குளிரில் விரல் இருமுறை வழுக்கி
மூன்றாம் முறை ஆம் என்றது.

பூஜ்யம்.
பஸ் வரவில்லை.

முதல் அட்டை: ஸ்ன்யோர்.
பனி. மூன்று குளிர்காலம் வாசலில் வாரிய பனி,
இதோ தோளில் விழுகிற பனி.
செயலி நம்பவில்லை,
பத்து நிமிடம் கழித்துக் கேட்கிறேன் என்கிறது.
சரி, கேள்.

அடுத்தது ஹைத்தா.
நீலத்தில், 'புதியது' என்று.
இந்தச் சொல்லுக்கும் இவளுக்கும்
எந்த வழக்கும் இருந்ததில்லையாம்.
சிரிப்பு வருகிறது அவளுக்கு.

ஆபத்து, என்கிறாள்,
மீனறுக்கும் எந்திரத்தின் மஞ்சள் பலகையில் தினமும் பார்ப்பது.
இன்னொன்று?
நாக்கு நுனியில்தான் நிற்கிறது.

பஸ் வந்து கதவைத் திறந்து காத்திருக்கிறது.
'மறுபடி'யை அழுத்திவிட்டு ஏறுகிறாள்.

தவறு: 1.