தொடர்ச்சிப் பிழை

என் வேலை, முந்தைய ஷாட்டில் இருந்தது
இந்த ஷாட்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பது.
ஜிமிக்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது,
டீ கிளாஸில் எத்தனை விரற்கடை மிச்சம்,
விக்கின் வகிடு இடதா வலதா.
கோரேகாவ்ன் செட்டில் நாற்பத்தொரு நாள்
மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

தொடரின் நாயகி ஓர் ஆண்.
பகலில் ரயில்வே கவுண்டரில் பாஸ் புதுப்பிப்பவன்,
ராத்திரி அந்தேரி பாரில்
மிஸ் மெகா பிளாக்.
"ஞாயித்துக்கிழமை நான் வெளிய வந்தா
ஹார்பர் லைனே நின்னுபோகும், கண்ணுங்களா!"
லைட் பாய் வரைக்கும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நடித்தவர் பெரிய நட்சத்திரம்.
ஆறு மாதம் இடுப்பைக் குறைத்தார்,
விருதுக்குத் தோதாக ஒரு சோகமும் பழகிக்கொண்டார்.
கண்ணிமை ஒட்டும்போது மட்டும் கை நடுங்கியது.
பசை கண்ணுக்குள் போய்
ஒருநாள் ஷூட்டிங்கே கேன்சல்.

அப்படித்தான் செல்வின் வந்தான்.
தாராவி, தொண்ணூறடி ரோடு.
பத்து வருஷமாக நிஜமாகவே ஆடுகிறவன்.
ஆடிஷனில் 'ரொம்ப ஜாஸ்தி' என்று
திருப்பி அனுப்பப்பட்டவன்.
இப்போது கைகளை மட்டும் கூப்பிட்டார்கள்.

நட்சத்திரத்தின் முதுகோடு ஒட்டிக் குந்தி
இரண்டு கையையும் முன்னால் விட்டு
முகத்தைப் பார்க்காமலே மை இழுப்பான்.
"எப்படிடா?"
"ஒரே ரூம், அக்கா. ஆறு பேரு தூங்குவாங்க.
லைட்டு போட முடியாது.
இருட்டுலதான் பழகினது."

இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு,
உடைந்த அப்பளத் துண்டு போல.
ஏழு வயதில், அம்மாவின் வடைச்சட்டி.
நட்சத்திரத்துக்கு அது கிடையாது,
ஆகவே மிஸ் மெகா பிளாக்குக்கும் கிடையாது.
காலை ஆறரைக்கு மேக்கப் தாதா பூசி மூடுவார்.
நான் எழுதுவேன்: தழும்பு, இல்லை.

முப்பத்துநான்காம் நாள். காட்சி அறுபத்திரண்டு.
அழுதுகொண்டே மை போட வேண்டும்,
கோடு கோண வேண்டும் என்றார் பரூச்சா.
செல்வினுக்குக் கோணலாகப் போட வரவில்லை.
ஏழு டேக்.
வெளியே ஜூலை மழை, ஏ.சி. நின்றுவிட்டது.
எட்டாவதில் கோடு கோணியது,
வியர்வையில் பூச்சும் கரைந்திருந்தது.
மானிட்டரில் அப்பளத் துண்டு பளிச்சென்று.

"கன்டினியூட்டி ஓகேவா?"

ஓகே என்றேன்.

ஏன் என்று கேட்டால்
மணி பன்னிரண்டே கால், கடைசி ரயில் போய்விடும் என்பேன்.
அதில் பாதி உண்மை.

தொடர் வந்தது. சிரித்தார்கள், அழுதார்கள்.
நட்சத்திரம் பேட்டியில், அந்த வலியை வாழ்ந்தேன் என்றார்.
செல்வினின் பெயர் கடைசியில் இரண்டு நொடி ஓடியது;
'அடுத்த எபிசோட்' என்ற பட்டன் வந்து
சரியாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
குர்லா ஏழாம் பிளாட்பாரத்தில், நிஜ மெகா பிளாக்கில்,
அவனும் நானும் வடாபாவோடு நின்றிருந்தோம்.
அவன் ஃபோன் அடித்தது. கையெல்லாம் சட்னி,
ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏல, ஆறாவது எபிசோடுல வாறது ஓன் கைதான?"

சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று
மூன்று மொழியில் ஒலிபெருக்கி சொல்லி முடித்தது.
அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

"ஒத்தக் கைக்கு எவ்வளவு தாரானுவ?
இல்ல, ரெண்டுக்கும் சேத்தா?"

அந்தப் பக்கம் எண்ணெயில் எதையோ போட்ட சத்தம்.

"மைதான் கோணிட்டு.
இருட்டுல இதவிட நேராட்டுல்லா போடுவ."

செல்வின் இடது கையை
பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டான்.
அப்புறம் வெளியே எடுத்தான்.