மழை படாத பத்து சென்ட்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
நாலாவது கடை என்னுடையது.
யூரியா, கால்சியம் நைட்ரேட், ஆல் நைன்டீன்.
கடனுக்கும் உண்டு.

செலஸ்டின் மேரியின் பக்கம் நீளமானது.
கொழிஞ்சாம்பாறையில் பத்து சென்ட்டுக்கு
பிளாஸ்டிக் கூரை போட்டு
சாலட் வெள்ளரி ஏற்றினவள்.
முதல் வருஷக் காய் கோயமுத்தூர் போனது.
இரண்டாம் வருஷமும் போனது.
நான்காம் வருஷம்
ஓரம் கருகின இலை ஒன்றைக்
கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தாள்.

பசி என்றேன்.
பசிக்கு என்னிடம் மூட்டை இருந்தது.
சொட்டுக்குழாயில் கரைத்து விட்டாள்.
இன்னும் கருகியது.
இன்னும் கொடுத்தேன்.

பாக்கி கேட்கப் போன அன்று
இடவப்பாதி மழை.
கூரைமேல் விழுந்த இரைச்சலில்
நான் கேட்ட தொகை அவள் காதில் விழவில்லை.
உள்ளே பாத்தியெல்லாம் வெளுத்து,
நீர் சொட்டும் ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும்
திருநீறு கொட்டினாற்போல் ஒரு வட்டம்.
கூரை ஏறின நாளிலிருந்து
அந்த மண்ணில் ஒரு தூறல் விழுந்ததில்லை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

என் கடை.

கிருஷி பவன் ரம்லத் மேடம்
பேனா மாதிரி ஒரு மீட்டரை
மண் கரைசலில் முக்கிப் படித்தார்.
"தண்ணிக்குள்ளயே தாகம் இதுக்கு.
வேர் இழுக்க முடியல.
இனி ஒரு பிடி உரம் வேண்டாம்."
என்னைப் பார்க்காமல் சொன்னார். நல்லதாயிற்று.

கழுவிவிடலாமா என்றாள் செலஸ்டின்.
சரிவில் இருக்கிற கிணறு யாருது?
நாத்தனாருது. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.
ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தை.

அதனால் முதலில் சோளம், நெருக்கமாக.
தழைச்சத்தை அது குடிக்கட்டும்,
அறுத்து வெளியேற்றிவிட்டுக் கூரையை அவிழ்த்தால்
மிச்ச உப்பைத் துலாவர்ஷம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஏழடி. கரும்பச்சை.
மாட்டுக்குப் போடக் கூடாதாம்,
தட்டிலும் நைட்ரேட் ஏறியிருக்குமாம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறது
சோளமும்.
என் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்
காற்றில்லாத கூடாரத்தில்
அசையாமல் நிற்கிறது.

ஷீட்டை அவிழ்க்க ஆள் போதாதென்று
நேற்று சொல்லியனுப்பினாள்.
அவள் பக்கத்தில், தொகைக்குக் கீழே,
எழுதி வைத்திருக்கிறேன்:
புதன். காலை ஆறு. ஏணி.