நூற்றியெண்பது கிராம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது.
அதனால் அயனாவரத்து மண்டபத்தில்
மணமேடை மேலேயே தராசு வைத்துப்
புத்தகத்தை எடைக்கு விற்றார்கள்.
கிலோ முந்நூறு.

ஒரு துப்பறியும் கதை,
ஒரு கண்மருத்துவ அகராதி,
முதுகு கிழிந்த உலக வரைபடம்.
எண்ணூற்றியிருபதில் நின்றது எண்.
"இன்னும் நூத்தியெம்பது போடுக்கா,
ரவுண்டா போயிடும்" என்றான் பையன்.
காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை மாதிரி
கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டேன்.

உள்ளங்கை அகலம், கெட்டி அட்டை.
அட்டையில் ஒரு அவித்த முட்டை
கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தது.

இங்கிலாந்தில் இந்த மாதிரியைப்
பரிசு கொடுக்கவென்றே அச்சடிப்பார்கள் போல.
என்ன பிடிக்குமென்று தெரியாத மாமாவுக்கு,
எல்லாம் இருக்கிற மேலாளருக்கு.
தனக்கென்று யாரும் வாங்காத புத்தகம்.
நம் வரவேற்புகளில் சுவர்க்கடிகாரம் எப்படியோ
அப்படி.

முதல் பக்கத்தில் நீல மை:
டெரிக்குக்கு, எண்பத்தேழு கிறிஸ்துமஸ்.
நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும்.
அன்புடன் மொரீன்.

கரண்ட் போன ஒரு ராத்திரி
செல்போன் வெளிச்சத்தில்
சிகாமணிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.
பிஸ்கட்டைத் தேநீரில் எத்தனை நொடி நனைக்கலாம்:
முழுசாக ஒரு அத்தியாயம்.
வரிசையில் நிற்பதன் இன்பம்: மூன்று பக்கம்.
"அந்த ஆளை நம்ம ரேஷன் கடைக்கு
பாமாயில் போடுற அன்னைக்கு வரச் சொல்லு."
யுத்த காலத்தில் முட்டைத்தூளில் செய்த கேக்கை நினைத்து
ஒரு நீளப் பெருமூச்சு.
ருசியாக இருந்தது என்று எங்கேயும் எழுதவில்லை.
இருந்தது என்றுதான்.

நாற்பத்தோராம் பக்கம்
முட்டைக்குக் குல்லாய் பின்னும் முறை.
"முட்டைக்கு ஸ்வெட்டரா!"
"ஆறிப்போகாம இருக்கவாம்."
"இங்க மொட்டைமாடில வெச்சா
பச்சை முட்டையே வெந்துரும்."
அவர் சிரித்த சிரிப்பில்
கொசுவத்திச் சாம்பல் உதிர்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம்.
சித்திரை பிறந்து பத்தாம் நாள்
மின்ட் தெருவில் கம்பளி நூல் கேட்டேன்.
"யாருக்கும்மா குழந்தை?"
"முட்டைக்கு" என்றேன்.
கடைக்காரர் மீதியை
எண்ணாமலே கொடுத்தார்.

வியர்வையில் ஊசி வழுக்கியது.
முதலாவது தீக்கோழி முட்டை அளவில் வந்தது.
இரண்டாவதில் வாய் குறுகி
முட்டை உள்ளே போய்
வெளியே வர மறுத்தது.
மூன்றாவது சரியாக வந்தபோது
வீட்டில் முட்டை இல்லை.

கையில் வைத்துக்கொண்டே துணி எடுக்க மாடிக்குப் போனேன்.
மத்தியானம் இரண்டரை.
மாடிக் கதவின் தாழ்ப்பாளில்
இரும்புக் குமிழ் ஒன்று,
மே மாதத்தில் தொட்டவர்களுக்குத் தெரியும்.
போன வருஷம் எதிர்வீட்டு ஜரீனா
ஒரு வாரம் இடது கையால் சாப்பாடு பரிமாறினாள்.
குல்லாயை அதன் தலையில் மாட்டினேன்.
அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

சூடு போய்விடக் கூடாதென்று அங்கே பின்னியது,
சூடு வந்துவிடக் கூடாதென்று இங்கே.
பின்னல் அதே பின்னல்தான்.

இப்போது மூன்று மாடிக் கதவுகளில் முட்டை சிரிக்கிறது.
ஜரீனா பச்சைக் கலரில் ஒன்று கேட்டிருக்கிறாள்,
பால்காரர் வண்டிக் கைப்பிடிக்கு ஒரு ஜோடி.

நேற்று வாய் குறுக்கும் இடம் மறந்துபோய்
மறுபடி நாற்பத்தொன்றைத் திருப்பினேன்.
இதுவரை கண்ணில் படாத ஒன்று:
ஓரத்தில் பழுப்பாக ஒரு வட்டம்,
கோப்பையின் அடி அளவுக்கு.
பக்கங்கள் சேரும் மடிப்பில்
கல்லாகிப் போன பிஸ்கட் துணுக்கு.

மொரீன்,
உங்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியாது.
டெரிக் படித்திருக்கிறார்.
நனைத்த நொடிகள்தான்
கொஞ்சம் கூடிவிட்டன.