இரண்டாம் பிணைச்சல்

சுவர் எவ்வளவு உயரம் வேண்டும்?
படிவத்தில் ஒரேயொரு பெட்டி.
மீற்றரில், இரண்டு தசமம்.

முகத்துவாரத்தில் வீடுவீடாகக் கேட்டேன்.
மார்பளவு என்றார் ஒருவர்.
யாருடைய மார்பு?
தென்னையில் கைவைத்துக் காட்டினாள் தவநேசம்;
அந்தத் தென்னை பிறகு நட்டது.
ஒரு பொடியன் தன் தலைக்கு மேலே கையை உயர்த்தினான்;
அவன் அப்போது பிறக்கவேயில்லை.

பூபாலப்பிள்ளைதான் சரியாகச் சொன்னார்:
'வாசல் கதவில, கீழயிருந்து ரெண்டாம் பிணைச்சல்.
அதுக்குப் பிறகு நான் பார்க்கல்ல.'
கதவு எங்கே?
'ஆத்துக்கு அங்கால, புள்ள. வவுணதீவில.
ஒரு மாட்டுப்பட்டிக்குப் படலையா நிக்குது.'
தெரிந்திருந்தும்
இத்தனை வருசமாய்க் கேட்கப் போகாதவர்.

நீலம் உரிந்த கதவு. மூன்று பித்தளைப் பிணைச்சல்.
நடுவிலதில் பச்சையாய் உப்பு.
கீழ் விளிம்பிலிருந்து தொண்ணூற்று நான்கு சென்றிமீற்றர்.
'கொண்டு போகப் போறியா?' என்றாள் அன்னப்பாக்கியம்,
கன்றுக்குட்டியைக் காலால் தடுத்தபடி.
அளக்க மட்டும் என்றேன்.
'எழுவான்கரைக்குச் சுவர் கட்டுங்க, வேணாமெண்டல்ல.
மார்கழியில மூணு நாள் மழை அடிச்சா
எங்கட வயல் தண்ணி எதுக்குள்ளால போகும்?'
கதவு வைப்பார்கள், அக்கா.
'ஆர் திறக்கிற?'

அவரது வாசற்படியைத் தேடி ஒரு கிழமை தோண்டினோம்.
மணலுக்குள் இடுப்பளவு ஆழத்தில் அகப்பட்டது,
கோலப்பொடி நிறத்தில் ஒரு சிப்பி ஒட்டியபடி.
படியின் மட்டத்தோடு பிணைச்சலைக் கூட்டினேன்.
2.71.
அலைக்கென்று பொறியியலாளர் ஒன்றரை சேர்த்தார்.
பெட்டி நிறைந்தது.
அன்னப்பாக்கியத்தின் கேள்விக்குப் பெட்டி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
கதவு உள்பக்கமிருந்தும் திறக்க வேண்டும் என்று.
யாரோ அழித்துவிடக்கூடிய எழுத்தில்.

இப்போது படுவான்கரைக் கல்மலை
லொறி லொறியாய்ப் பாலம் கடந்து வருகிறது.
ஒவ்வொரு கல்லிலும் சிவப்பில் எடை.
ஏறாவூர் லாபிர் கிறேனில் இருந்தபடி
எட்டுத் தொன் கல்லை
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கடலில் வைக்கிறார்,
பிறகு வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறார்.
மீன்கள் அதற்குள் குடிவந்துவிட்டனவாம்.
தூண்டிலோடு நிற்கிறார்கள் பொடியன்மார்,
தடைசெய்யப்பட்ட பகுதி என்ற பலகையின் மேலேறி.

இரும்புக் கதவு வந்திறங்கிய அன்று
பூபாலப்பிள்ளை சைக்கிளில் வந்தார்.
சுற்றிவந்து பார்த்தார்.
'இதுக்குப் பிணைச்சல் எங்க?'
இது மேலே தூக்குகிற கதவு, ஐயா.
'கறண்ட் இல்லாட்டி?'
கையால் சுற்றலாம். நாலு பேர் வேணும்.
'நாலு பேர்' என்றார்,
ஊரில் எண்ணிப் பார்ப்பவர்போல.

மேற்கே வவுணதீவுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
அவர் கொங்கிறீற்றில் உள்ளங்கையை வைத்தார்,
இடுப்புக்குச் சற்று மேலே.
யோசித்து,
விரலளவு கீழே இறக்கினார்.

அளவுநாடா என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.